எட்டு எழுத்துக் கிருஷ்ணமூர்த்தி

சனிக்கிழமை செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். பெயர் 12 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று நான் எழுதிய நிரல், பாவம், ஒரு கிருஷ்ணமூர்த்தியை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. விரல்விட்டு எண்ணினால் எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கே வேறு. அங்கே சுழியும் புள்ளியும் தனித்தனி ஆட்கள், ‘கி’ வந்தால் இரண்டு டிக்கெட். ஆக மொத்தம் 15.

ஒரு வரியில் சரிசெய்துவிடலாம் என்று நிரல் எழுதும் ‘விம்’ எடிட்டரைத் திறந்தேன். நிறம் கொஞ்சம் கண்ணை உறுத்தியது. நிறத்தை மாற்றப் போனவன், அப்படியே நாலு பிளக்இன்னையும் இறக்கினேன். அடுத்து, விம்மில் அடிக்கடி தட்ட வேண்டிய எஸ்கேப் விசை. 1976-ல் பில் ஜாய், விம்முக்கு மூதாதையான ‘விஐ’ எழுதியபோது அவரிடம் இருந்தது ஏடிஎம்-3ஏ முனையம். அதில் எஸ்கேப், இப்போது டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்புக்குறிகளும் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சாகியிருந்தன. நம் விசைப்பலகையில் எஸ்கேப்பைத் தொட மூலைக்கு யாத்திரை போக வேண்டும். அதனால் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றினேன். மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் பெரிய திரைதான் கண்ணுக்கு இதம் என்று அப்பா என் கணினியில் வருமான வரி கட்ட உட்கார்ந்தார். பான் எண்ணைப் பெரிய எழுத்தில் போட கேப்ஸ் லாக்கை அழுத்துவார், பெட்டி பொசுக்கென்று மூடிக்கொள்ளும். மறுபடி திறப்பார், மறுபடி மூடும். ஐந்தாவது தடவை கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“டேய், இதுல என்னடா பண்ணி வச்சிருக்க?”

“வேகமா வேலை செய்யறதுக்குப்பா.”

“யாரு?”

பதில் சொல்லாமல் அலமாரிப் பக்கம் திரும்பினேன். அங்கே டொனால்ட் கனூத்தின் ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ முதல் பாகம் இருக்கிறது. இருக்கிறது என்றால், மானிட்டரைக் கொஞ்சம் உயர்த்த அடிக்கடி கீழே இறங்கி வரும். 43-ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது. அதற்கு மேல் கணிதம் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

படித்த வரை பயனில்லை என்றாலும், அவர் வாழ்க்கை எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. 1968-ல் முதல் பாகம் வந்தது. 1977-ல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்து முகம் சுளித்தவர், நாமே ஒரு அச்சுக்கோப்புக் கருவி செய்துவிடலாமே என்று புத்தகத்தை ஓரம்கட்டினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த ‘டெக்’, ஏறக்குறைய பத்து வருடம் இழுத்தது. அவர் திட்டமிட்டது ஏழு பாகம். 2022-ல் வந்தது நாலாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 4பி! அவர் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2008 வரை 2.56 டாலருக்குக் காசோலை தந்துவந்தார், 256 சென்ட். அப்பேர்ப்பட்டவரே கருவி தீட்டப் போய்ப் பத்து வருடத்தைத் தொலைத்திருக்கிறார். எனக்கு ஒரு சனிக்கிழமை பெரிதா?

ஞாயிறும் போனது. இரவு 11 மணிக்கு விம் திறக்கவே மறுத்தது. இரண்டு பிளக்இன்களுக்குள் பங்காளிச் சண்டை. அப்பாவின் பழைய மடிக்கணினியை வாங்கி, நிறம் கிறம் எதுவுமில்லாத நோட்பேடில், நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளை மட்டும் எண்ணும் அந்த ஒரு வரியை அடித்தேன். நாலு நிமிடம் ஆனது. அதில் கேப்ஸ் லாக் அருமையாக வேலை செய்தது.