துரைக்கு வராத வெக்கம்

வாடா தம்பி, உக்காரு. கோப்பி சொல்லட்டுமா, தே-ஓவா? சிங்கப்பூர்ல வேலைக்கு எழுதிப் போடப் போறியாம், உங்க அம்மா கோயில்ல சொன்னாங்க. ரொம்ப சந்தோசம். ஆனா அதுக்கு முந்தி இங்கிலீஸ் பேசப் படிக்கணுமாம். அதுக்கு முந்தி நல்ல வகுப்பாப் பாத்துச் சேரணுமாம். அதுக்கும் முந்தி ஆடி மாசம் போகணுமாம். சரியான ஏற்பாடுதான். இந்த வேகத்துல போனா நீ வாயத் திறக்கிறப்ப எனக்குத் திதி கொடுத்து முடிச்சிருப்பாங்க.

ஒண்ணும் அவசரமில்ல. இங்கிலீஸ் நம்ம வாய்ப்பக்கமே வராமப் பாத்துக்கிறதுக்கு என்கிட்ட நல்ல வழி இருக்கு, சொல்றேன் கேளு. முதல்ல கனமா ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கு. நிகழ்காலம் நாலு, இறந்தகாலம் நாலு, எதிர்காலம் நாலுன்னு பன்னெண்டையும் நெட்டுரு போடு. அது முடியுற வரைக்கும் யாருகிட்டயும் பேசாதே. ராத்திரியில கைப்பேசியில இங்கிலீஸ் சொல்லித் தர்ற வீடியோவப் பாரு, பாத்துக்கிட்டே தூங்கிடு. வெளியில யாராவது இங்கிலீஸ்ல ஏதாச்சும் கேட்டா 'யெஸ் யெஸ்'ன்னு சொல்லிட்டு தங்கச்சிய முன்னால தள்ளிவிடு. அவ பாலர் பள்ளியிலேர்ந்தே கெட்டிக்காரி, சமாளிச்சுக்குவா. முக்கியமா, தப்பாப் பேசுறதவிட பேசாம இருக்கிறதுதான் கவுரவம்னு நம்பு. இதையெல்லாம் ஒழுங்காக் கடைப்பிடிச்சவங்க நம்ம தாமான்ல நிறையப் பேரு இருக்காங்க. அவங்க இங்கிலீஸ்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியுமா?

சிரிக்கிறியா? சரி, இதுக்குப் பதில் சொல்லு. நீ மலாய் எங்க படிச்ச? பள்ளிக்கூடத்துலயா? அங்க முன்னொட்டு பின்னொட்டுன்னு ஆசிரியர் உன்னப் போட்டு வறுத்தது எனக்குத் தெரியும். உன் வாயில இருக்கிற மலாய் திடல்ல பந்து உதைச்சு வந்தது. மாமாக் கடையில 'பாங், தே தாரிக் சத்து, கூராங் மானிஸ்'ன்னு கத்துறியே, அதுல எந்த ஒட்டு இருந்துச்சு? தே வந்துச்சா இல்லையா? மோட்டார் பட்டறைச் சீனருகிட்ட பாதி மலாய், பாதி கைஜாடைன்னு பேசி பத்து வெள்ளி குறைச்சிட்டு வந்து, ஒரு வாரம் பெருமையடிச்ச. அங்கெல்லாம் வராத கூச்சம் இங்கிலீசுக்கு மட்டும் எங்கிருந்துடா வருது?

எங்கிருந்துன்னு நான் சொல்றேன். அது உன் கூச்சமே இல்ல, உன் கொள்ளுத்தாத்தா கூச்சம். ரெங்கம், குளுவாங், உலு திராம் பக்கமெல்லாம் அப்ப கித்தா மரந்தான். மேட்டுல துரை பங்களா, நடுவுல ஆபீசு, பள்ளத்துல நம்ம லயம். பங்களாவுல இங்கிலீஸ். ஆபீசுல உக்காந்திருந்த கிராணிக்கும் இங்கிலீஸ் தெரியும். பல இடத்துல அவரு யாழ்ப்பாணத்துலயோ கேரளாவுலயோ மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டுக் கப்பலேறி வந்தவரு. லயத்துச் சனத்துக்கு அந்த மொழி காதுல விழுந்ததெல்லாம் கூலி பிடிக்கிறப்பவும் திட்டு வாங்குறப்பவுந்தான். பிறகு எப்படி ஆசை வரும்?

பள்ளிக்கூடம் இல்லாம இல்ல. 1923-ல கூட்டு மலாய் நாடுகளுக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஏழுலேர்ந்து பதினாலு வயசுக்குள்ள பத்துப் பிள்ளைங்க இருந்தா எஸ்டேட்டுக்காரன் பள்ளிக்கூடம் வைக்கணும்னு சொல்லுச்சு. ஜொகூர் அந்தக் கூட்டுல சேராத நாடு, ஆனாலும் இங்கயும் எஸ்டேட்டுப் பள்ளிக்கூடங்க வந்துச்சு. சில இடத்துல கங்காணியே வாத்தியாரு, சில இடத்துல கிராணி. அவங்களுக்கு ஒழிஞ்ச நேரம் நமக்குப் பாடம். தமிழ்ல நாலு எழுத்து வந்தாப் போதும், அதுக்கு மேல படிச்சா பால்வாளி தூக்க ஆளு ஏது? இங்கிலீஸ் பள்ளிக்கூடமெல்லாம் டவுன்ல. ஜொகூர் பாருவுல இங்கிலீஸ் காலேஜ 1914-லயே திறந்துட்டாங்க. இப்ப அதுக்கு மக்தாப் சுல்தான் அபு பக்கார்னு பேரு. லயத்துப் பிள்ளைய அந்த வாசலுக்குப் போகவிடாமத் தடுத்தது ரயில் கட்டணம் மட்டும்னு நெனைக்கிறியா?

இனிமேதான் கதையில ருசியே இருக்கு. துரைக்கும் ஒரு சங்கடம் இருந்துச்சுடா. சீமையிலேர்ந்து புதுசா வந்து இறங்குன சின்னதுரை நம்ம ஆளுங்ககிட்ட வேலை வாங்கணும்னா தமிழ் வேணும். 1919-ல மலாயாவுல தோட்டத்துரைமாருங்க சேந்து ஒரு சங்கம் வெச்சாங்க. அந்தச் சங்கமே துரைமாருக்குத் தமிழ்ப் பரீட்சை நடத்துச்சு. ஆமாடா, வெள்ளைக்காரன் தமிழ்ப் பரீட்சைக்கு உக்காந்தான். இலங்கையில அதுக்கு முந்தியே சின்னதுரைமாரு சட்டைப்பையில வெச்சுக்கிறதுக்குத் தமிழ்ப் புத்தகம் அச்சாயிருந்துச்சு, அதோட பேரே 'இங்கே வா'. 1915-ல கொழும்புல 'கூலித் தமிழ்'னு இன்னொண்ணு வந்துச்சு. பேரப் பாத்தாலே தெரியுதுல்ல, கம்பராமாயணம் படிக்கிறதுக்காக அவங்க தமிழுக்கு வரல.

அந்தத் தமிழ் எப்படி இருந்துச்சுன்னு கெழவிங்களக் கேளு. மாரியாயிய 'அவன்'ம்பாராம். கங்காணிய 'அது'ம்பாராம். நேத்து நடந்ததுக்கும் நாளைக்கு நடக்கப் போறதுக்கும் ஒரே வினைச்சொல். நரைச்ச தலையா இருந்தாலும் 'நீ', 'வா', 'போ'தான். அப்படியிருந்தும் மனுசன் ஒரு நாளாவது கூனிக் குறுகினாரா? 'எனக்கு வேற்றுமை உருபு சரியா வராது, தப்பா எடுத்துக்காதீங்க'ன்னு பிரட்டுக் களத்துல நின்னு கெஞ்சினாரா? இடுப்புல கைய வெச்சுக்கிட்டு அந்த ஓட்டைத் தமிழ எட்டூருக்குக் கேக்குற மாதிரி கத்துனாரு, பாலும் நிறுக்கிற இடத்துக்கு ஒழுங்கா வந்து சேந்துச்சு. நாம என்ன பண்ணுனோம்? 'துரை என்னமாத் தமிழ் பேசுறாரு!'ன்னு வாயப் பொளந்தோம். அவரு பேசுனா அருமை, நம்ம பையன் 'ஐ கோ யெஸ்டர்டே'ன்னா கேலி. இந்தக் கணக்கு எங்கயோ உதைக்கல?

அவரு கையில அதிகாரம் இருந்துச்சு, அதான் வெக்கப்படலம்பே. பாதி சரி. மீதிப் பாதி, அவருக்கு வேலை ஆகணும். உனக்கும் வேலை ஆகணுமா இல்லையா?

பள்ளிக்கூடம் பாத்துக்கும்னு நீ காத்திருந்தது போதும். 2003-ல கணக்கையும் அறிவியலையும் இங்கிலீஸ்ல நடத்துனாங்க. 2009-ல அது வேணாம்னு முடிவெடுத்தாங்க. பிறகு 2016-ல வேணுங்கிற பள்ளிக்கூடம் இங்கிலீஸ்லயும் நடத்தலாம்னு இன்னொரு திட்டம். பெரியவங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு தலைமுறை பரீட்சை எழுதிட்டு மோட்டார் லைசென்சும் எடுத்துடுச்சு. பரீட்சை இங்கிலீஸ்ல ஏ வாங்குன பையன்கூட, குடிநுழைவு அதிகாரி 'ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?'ன்னு கேட்டா 'நோ'ங்கிறான்.

நீ தாண்டிப் போகணும்னு நெனைக்கிற, ஜொகூர் பாருவ சிங்கப்பூரோட சேக்கிற அந்தப் பாலம் 1924-ல முறைப்படி திறந்தது. நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். இன்னைக்கு ஒரு நாளைக்கு மூணு லட்சம் பேருக்கு மேல கடக்குறாங்க. மாசாய், ஸ்கூடாய், கூலாய்னு எல்லாப் பக்கத்துலேர்ந்தும் விடியக்காலை நாலு மணிக்கே மோட்டார் வரிசை கட்டிடுது. எஸ்டேட்ட வித்து தாமான் கட்டுன பிறகு நானும் அந்த வரிசையில நின்னவன்தான். அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடியில ஜாகா வேலை, அதான் காவல் வேலை. அங்க வாசல்ல வந்து நிக்கிறவங்க யாருன்னு நெனைக்கிற? சீன ஆன்ட்டி, பிலிப்பைன்ஸ் பணிப்பொண்ணு, பங்களாதேஷ் தம்பி, பார்சல் கொண்டாந்த மலாய்ப் பையன். எல்லாரும் பேசுறது இங்கிலீஸ், ஒருத்தருக்கும் அது தாய்மொழி இல்ல. என் இங்கிலீஸ்ல கித்தாப் பால் வாசம் அடிச்சிருக்கும். யாரும் மூக்கப் பிடிக்கல, அவங்கவங்களுக்கு அவங்கவங்க அவசரம். 2000-ல அந்த ஊரு அரசாங்கமே 'நல்ல ஆங்கிலம் பேசுங்க'ன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சுது. சொந்த ஊருக்காரங்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்த இடத்துக்குப் போறதுக்கா நீ இவ்வளவு நடுங்குற?

இப்ப வேலைக்கு ஆகுறதச் சொல்றேன். முதல்ல படிக்க வேண்டியது பேரு சொல்றதோ ஊரு சொல்றதோ இல்ல. 'சாரி, கேன் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?' இது ஒண்ணு நாக்குல உக்காந்துட்டா பாதிப் பயம் போயிடும். எதிராளி திருப்பிச் சொல்லுவான், மெதுவாச் சொல்லுவான், உனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். 'யெஸ் யெஸ்'ன்னு தலையாட்டுறவன் மாட்டிக்குவான், திருப்பிக் கேக்குறவன் மாட்டமாட்டான். 

அடுத்தது நம்பரு. எல்லாரும் பெரிய பெரிய வார்த்தையா மனப்பாடம் பண்றாங்க, நம்பர்ல வழுக்கி விழுறாங்க. தர்ட்டீனுக்கும் தர்ட்டிக்கும் வித்தியாசம் வாயில வரணும், காதுலயும் விழணும். தர்ட்டீன்ல கடைசிய இழுத்து அழுத்து, தர்ட்டியில முதல அழுத்திட்டு வெட்டி விடு. பதிமூணாவது மாடியில ஒருத்தர் மயங்கிக் கிடக்கிறப்ப ஆம்புலன்சுக்காரன முப்பதாவது மாடிக்கு அனுப்புனா, உன் பன்னெண்டு காலமும் வந்து காப்பாத்தாது. கார் நம்பரு, போன் நம்பரு, மணி, தேதி, பிளாக் நம்பரு, எல்லாத்தையும் சத்தமாப் படி. சடக்குல போற காடி நம்பர வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே நட. பைத்தியம்பாங்க, நம்ம தாமான்ல அது ஒண்ணும் புதுசில்ல.

அப்புறம் இந்த 'லா'. 'கேன் லா', 'வேர் காட் டைம் லா'ன்னு நீ கூட்டாளிங்ககூடப் பேசுறது இங்கிலீசே இல்லன்னு ஒரு வாத்தியாரு உன்னைத் திட்டுனாராமே. அவரு சொல்றதப் பாதி கேளு. ஒட்டுக்கடையில அதான் இங்கிலீஸ், அங்க போயி முழு வாக்கியம் பேசுனா தே ஆறிப்போயிடும். ஆனா இண்டர்வியூவுல 'கேன் லா'ன்னா அவன் கதவக் காட்டுவான். ஜாகா வேலையில ராத்திரி என்ன நடந்துச்சுன்னு இங்கிலீஸ்ல அறிக்கை எழுதணும், அதுல 'லா' போட முடியாது. ரெண்டு விதம் வெச்சுக்கிறது தமிழனுக்கு என்ன பெரிய காரியமா? கோயில் கூட்டத்துல மைக்கப் பிடிச்சா 'அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள்'னு பொழியிற, கீழ இறங்குன உடனே 'சோறு போட்டாச்சா'ன்னு கேக்குற. உனக்கு யாராவது வகுப்பு எடுத்தாங்களா?

தப்பு வரும், வரட்டும். பால்வெட்டு நீ பாத்ததில்ல. புதுசா உளி பிடிக்கிறவன் பட்டைய மட்டும் சீவணும், உள்மரத்துல படக்கூடாது. படும். மரத்துல காயம் விழும், மண்டோரு பரம்பரையவே இழுத்துத் திட்டுவாரு. காயம் போடாம வெட்டுப் பழகுனவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்ல. காயத்துக்குப் பயந்து உளியத் தொடாதவன் ஆயுசுக்கும் புல்லு வெட்டிக்கிட்டுக் கிடந்தான்.

வகுப்புக்குப் போறதுன்னா போ, நான் வேணாங்கல. ஆனா வீட்டுலயே ஒரு வாத்தியாரு சும்மா உக்காந்திருக்கே, உன் தங்கச்சி. சாப்பாட்டு நேரத்துல அவகூட இங்கிலீஸ்ல பேசு. 'பாஸ் த ரசம்'லேர்ந்து ஆரம்பி. நாள் முழுக்க என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட சொல்லு. அவ திருத்துவா. தங்கச்சிகிட்ட திருத்தம் வாங்குறது கஷ்டந்தான், அண்ணனுக்கு மீசை வேற இருக்கு. ஆனா அவ காசு கேக்கமாட்டா.

இதுல ஒரே ஒரு தடங்கல் வரும், அதையும் சொல்லிடுறேன். நீ முதல் வாக்கியத்த முடிக்கிறதுக்குள்ள உங்க சித்தப்பா 'துரை வந்துட்டாருடா, நாற்காலி போடு'ம்பாரு. மோட்டார் பட்டறைச் சீனரு சிரிக்கமாட்டாரு, பங்களாதேஷ்காரன் சிரிக்கமாட்டான், குடிநுழைவு அதிகாரிக்குச் சிரிக்கவே வராது. சிரிக்கிறது நம்மாளு மட்டுந்தான். பங்களாவ இடிச்சு செம்பனை நட்டு, அதையும் வெட்டித் தாமான் கட்டியாச்சு. ஆனா பங்களாவுக்குக் கீழ நின்ன அந்தப் பயத்த நாம ஒருத்தருக்கொருத்தர் இன்னும் ஊட்டிக்கிட்டே இருக்கோம். அதனால அவரு நாற்காலி போடச் சொன்னா போட்டு உக்காரு, 'தேங்க் யூ அங்கிள்'னு சொல்லு, மேல பேசு.

அந்த மூலை மேசையில உக்காந்து காதக் கொடுத்துக்கிட்டிருக்கிற பெரியவங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாளையிலேர்ந்து இந்தப் பையன் இங்க இங்கிலீஸ் பேசப் போறான். தப்பாத்தான் பேசுவான். சரியா எப்படிச் சொல்றதுன்னு தெரிஞ்சா சொல்லிக்கொடுங்க. தெரியாட்டி கோப்பியக் குடிங்க.