இரண்டரைக் குடமும் இருபது குடமும்

போன வாரம் கோரிப்பாளையத்து டீக்கடையில் நண்பர் ஒருவரிடம் இரண்டு ரீல்களின் படத்தைக் காட்டி, எது தேவலை என்று கேட்டேன். அவர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்லாத்தாண்ணே இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஒரு வடையும் எடுத்துக்கொண்டார். அப்போது ஏறிய கடுப்பு இன்னும் இறங்கவில்லை.

ரெண்டும் நல்லா இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நல்லா இல்லாததையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டுத்தானே இந்த இரண்டில் வந்து நிற்கிறேன்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல், போர்வைக்குள், போன் வெளிச்சத்தில்... உங்களிடம் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நீங்களும் விழித்திருக்கிற ஆள்தான். உங்களுக்கு மிக்ஸி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி; எனக்குக் கடல் மீன்பிடி ரீல். எதை வாங்கலாம் என்று கடைசியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் பேசித் தீர்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடல் ரீல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு முதல் பதில்: இது மீன்கொடி பறந்த ஊர். இரண்டாவது, கடல் இங்கே வராமல் இல்லை. மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாள் என்று சிவபெருமான் ஏழு கடலையும் ஒரே இடத்துக்கு வரவழைத்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. புது மண்டபத்துப் பக்கம் எழுகடல் தெரு இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகும் கடல் இந்த ஊரைத் தேடி வந்தது. ஒரு தடவை உக்கிரபாண்டியன் வேலை எறிந்து வற்ற வைத்தான். இன்னொரு தடவை வருணன் அனுப்பிய கடலை மேகங்களை விட்டுக் குடிக்கச் சொன்னார்கள். வற்ற வைக்கிற வேகத்தில் வைகையையும் சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். வலை வீசிய படலத்தில் சிவபெருமானே வலைஞராக வந்து, சுறாவாக இருந்த நந்தியைப் பிடித்துக் கல்யாணமும் முடித்துக்கொண்டு போனார். அவருக்கு வலை போதுமானதாக இருந்தது. ரீல் பார்த்து எடுக்க வேண்டியிருந்தால் முகூர்த்தம் இன்னும் குறித்திருக்க மாட்டார்கள்.

இப்போதைக்கு எங்களுக்குக் கடல் என்றால் கிழக்கே தொண்டி, தெற்கே தூத்துக்குடி, பெரும்பாலும் பாம்பன். எங்கே போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

போட்டியில் இருப்பவை பென் கம்பெனியின் ஸ்பின்ஃபிஷர் ஆறும் ஸ்லாமர் நாலும். இரண்டுமே முழு உலோக உடம்பு. இரண்டிலுமே கார்பன் வாஷர் போட்ட டிராக், அதாவது நூலுக்குப் பிரேக். கையில் பிடித்தால் கனம். தண்ணீர் தாங்குவதில் ஸ்பின்ஃபிஷருக்கு ஐபிஎக்ஸ் 5, ஸ்லாமருக்கு ஐபிஎக்ஸ் 6. ஸ்லாமர் விலை கூடுதல். கொஞ்ச நஞ்சக் கூடுதல் இல்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் என்ன வித்தியாசம்? இங்கேதான் என் தூக்கம் போனது. ஐபிஎக்ஸ் 5 என்றால், 6.3 மில்லிமீட்டர் துளையில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் தண்ணீரை, இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி நின்று, மூன்று நிமிடமாவது நாலா பக்கமும் பீச்சுவார்கள். ஐபிஎக்ஸ் 6-க்குத் துளை 12.5 மில்லிமீட்டர், தண்ணீர் நிமிடத்துக்கு நூறு லிட்டர். அதாவது ஒன்று கால் இஞ்ச் ஓட்டை, மற்றது அரை இஞ்ச் ஓட்டை. மூன்று நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் ஸ்பின்ஃபிஷருக்கு 37.5 லிட்டர், ஸ்லாமருக்கு 300. எங்கள் வீட்டுக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும். ஆக, ஸ்பின்ஃபிஷர் தாங்குவது இரண்டரைக் குடம், ஸ்லாமர் தாங்குவது இருபது குடம். நான் கூடுதலாகக் கொடுக்கப்போகிற ஆயிரக்கணக்கான ரூபாய் இந்தப் பதினேழரைக் குடத்துக்குத்தான். வண்டியில் வருகிற குடிதண்ணீர் குடம் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 175 ரூபாய்தான் ஆகிறது.

சரி, இந்த இருபது குடத்தை எங்கள் தெருவில் யார் பீச்சப்போகிறார்கள்? குழாயில் தண்ணீர் வருகிற நாளில் நூலாக வரும். அதில் ஸ்பின்ஃபிஷரைக் காட்டினால் பரீட்சை என்றே அதற்குத் தெரியாது. நிமிடத்துக்கு நூறு லிட்டர் எங்கள் தெருவில் வந்தால் அன்றைக்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ரீலைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போனால் குடத்தாலேயே அடிப்பார்கள். மாடியில் சின்டெக்ஸ் தொட்டி இருக்கிறது. அதைத் திறந்துவிட்டாலும் அழுத்தம் போதாது. ஒரு வழி இருக்கிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள் அல்லவா, அந்த நேரத்தில் ரீலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கலாம். எத்தனை லிட்டர் என்று சொல்ல முடியாது. புண்ணியமாவது சேரும்.

இதில் இன்னொரு கூத்து. ஐபி-க்கு அப்புறம் இரண்டு எண் வர வேண்டும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசிக்குச் சோதனை நடத்தவில்லை என்றால் அந்த இடத்தில் எக்ஸ் போடுவார்கள். அதாவது இந்த ரீல்கள் தண்ணீரைத் தாங்குமா என்று பார்த்திருக்கிறார்கள். தூசியைத் தாங்குமா என்று பார்க்கவில்லை. மதுரையில் இருப்பது தூசி. இல்லாததுதான் தண்ணீர். சோதனைக்கு எடுப்பதும் உப்பில்லாத தண்ணீர். போதாக்குறைக்கு, ஆறில் தேறிவிட்டால் ஏழிலும் தேறியதாக அர்த்தமில்லையாம். ஏழு என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முக்கி வைப்பது. பீச்சினால் தாங்கும், முங்கினால் கம்பெனி பொறுப்பில்லை. பாசி பிடித்த பாறையில் நிற்கிறவன் கையில் இருக்கும் ரீல் பின்னே என்ன செய்யும்? முங்கத்தான் செய்யும்.

இந்த இடத்தில் ஷிமானோ கட்சிக்காரர்கள் உள்ளே வருவார்கள், சரகோசாவைத் தூக்கிக்கொண்டு. சுற்றினால் வெண்ணெய் என்பார்கள். 1921-ல் ஜப்பானின் சகாய் ஊரில் சைக்கிள் ஃப்ரீவீல் செய்து ஆரம்பித்த கம்பெனி அது. சைக்கிள்காரனிடம் ரீல் வாங்குவதா என்று பென் கட்சியில் கேட்பார்கள். அவர்களுக்கு 1932, பிலடெல்பியா, ஜெர்மனியிலிருந்து வந்த ஓட்டோ ஹென்ஸே என்று ஸ்தல புராணமே இருக்கிறது. டைவாவின் சால்டிஸ்ட் ஆளோ காந்த எண்ணெய் என்று ஆரம்பிப்பார்: தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க எண்ணெயையே காந்தத்தால் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரித் திரவத்தை முதலில் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல் என்பவர் ராக்கெட் எரிபொருளுக்காக 1960-களில் செய்தார். பிடிக்கப்போவது அரைக் கிலோ ஊழி மீன். அதற்கு ராக்கெட் எண்ணெய். இவர்கள் யாரும் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் மீன்பிடித் திருவிழாவுக்கு வந்ததில்லை. வெள்ளைத் துண்டு வீசிய ஐந்தாவது நிமிடம் ஊர் முழுக்க ஊத்தாக் கூடையோடு சேற்றில் நிற்கும். ஊத்தாவில் எந்த மாடல் நல்லது என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாக் கட்சியும் ஒன்று: கடலிலிருந்து வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அப்படியானால் அந்த ஐந்தும் ஆறும் எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது. இரும்பு மளமளவென்று துருப்பிடிக்கிற அந்தக் காற்றில், 2022 டிசம்பர் வரை அதன்மேல் ரயில் ஓடியது. அதற்கு எந்த ஐபிஎக்ஸும் கிடையாது. விடாமல் பெயின்ட் அடித்தார்கள்.

அந்தப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் ஒரு பெரியவரைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பாட்டிலில் நரம்பைச் சுற்றி, கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட கட்டுரைகளில் இந்த இடத்தில் பெரியவர் ஒரு பெரிய பாறை மீனைத் தூக்கி, லட்ச ரூபாய் ரீல்காரனை வெட்கப்பட வைக்க வேண்டும். அவர் ஒன்றும் பிடிக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் படவில்லை என்றார். எனக்குச் சொல்ல முடியாத நிம்மதி.

பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினேன். நண்பரைப் போல் அவர் அவசரப்படவில்லை. இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நூலைப் பிடித்துச் சுற்றுகிற பெய்ல் கம்பி மடங்குகிற இடத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

"இதுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கு இருக்கும்ல தம்பி? அதுதான் மொதல்ல போகும். ஒங்க மதுரையில ஸ்பேர் கெடைக்குதா?"

அத்தனை ராத்திரி படித்ததில் ஒருத்தன்கூட இதைப் பற்றி எழுதவில்லை. குடத்துக் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இப்போது ஸ்பிரிங் தேடிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி ஸ்பிரிங் ஒன்று, அதே மாதிரி விலை குறைந்தது ஒன்று, இரண்டு தினுசு இருக்கிறது. படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. இருக்கும். இல்லாமல் எப்படி?