டிரம்முக்குப் பக்கத்தில் யார்?

இந்த வாரம் வந்த கடிதக் கட்டைப் பிரித்தால் ஒரே குளோரின் வாடை. சுங்கை சிப்புட், ஈப்போ, தைப்பிங் வட்டாரத்து உழைப்பாளிகள் சொல்லிவைத்தாற்போல ஒரே பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் வாழ்க! பதில்கள் இதோ.

? எங்கள் ஸ்டோரில் உள்ள டிரம்மில் ‘ஆக்சிஜனேற்றி’ என்று எழுதியிருக்கிறது. அது தானாக எரியாதாமே. அப்புறம் எதற்குப் பயம்?
– கையுறை ஆலைத் தொழிலாளி, கமுண்டிங்

! தான் எரியாது, அடுத்தவனை எரிய வைக்கும். பங்காளிச் சண்டையை மூட்டிவிட்டுத் திண்ணையில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் குணம் அதற்கு. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். இந்தச் சரக்கோ தன் கைச்சரக்கையே எடுத்துத் தீக்கு ஊட்டும். டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். டிரம்முக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி.

? லேபிளில் இரண்டு விதத் தீப் படம் பார்க்கிறேன். என்ன வித்தியாசம்?
– ஸ்டோர் உதவியாளர், ஈப்போ

! வெறும் தீ என்றால் எரியும் சரக்கு. வட்டத்தின் தலையில் தீ என்றால் எரிய வைக்கும் சரக்கு. இரண்டும் ஒரே ரேக்கில் நின்றால் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். இன்று அவர் வராவிட்டால் இன்னொரு நாள் பொம்பா (தீயணைப்புப் படை) வரும்.

? எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ரப்பர் பால் உறைய வைக்கும் அமிலம், பால் உறையாமல் இருக்க அமோனியா, கழுவுவதற்கு பிளீச் எல்லாம் ஒரே மூலையில் கிடக்கின்றன. பரவாயில்லையா?
– சிறுதோட்டக்காரர், லிந்தாங்

! பரவாயில்லையாவது! பிளீச்சுக்கு இரண்டு பரம எதிரிகள். இரண்டையும் பக்கத்திலேயே குடி வைத்திருக்கிறீர்களே, ஐயா. பிளீச்சில் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா பட்டால் குளோரமின் கிளம்பும். இரண்டும் நுரையீரலைத்தான் தேடிப் போகும். ரப்பர் ஊரில் அமிலமும் அமோனியாவும் இல்லாமல் பிழைப்பு இல்லை. ஆகவே வெளியேற வேண்டியது பிளீச்தான். இன்றைக்கே தனிக் கொட்டகைக்கு அனுப்புங்கள்.

? கையுறை செய்யும் இடத்தில் குளோரினுக்கு என்ன வேலை?
– கல்லூரி மாணவி, தைப்பிங்

! முன்பெல்லாம் கையுறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே மாவு தூவினார்கள். அந்த மாவு நோயாளிக்கும் மருத்துவருக்கும் கேடு என்று அமெரிக்கா 2017 ஜனவரி 18 முதல் மாவுக் கையுறைக்குத் தடை போட்டது. மாவு இல்லாமல் வழவழப்பாக்க ஒரு வழி, கையுறையைக் குளோரின் நீரில் அலசுவது. ரப்பரின் மேற்பரப்பு இறுகி, ஒட்டும் குணம் போய்விடும். உலகத்தில் அதிகமாக ரப்பர் கையுறை செய்கிற நாடுகளில் ஒன்று நம் மலேசியா. உலகத்தின் கையைக் காப்பாற்றுகிறவருடைய மூச்சைக் காப்பாற்ற வேண்டாமா?

? குளோரின் கசிந்தால் குனிந்து தவழ்ந்து ஓட வேண்டுமா?
– இரவு ஷிப்ட் ஊழியர், கமுண்டிங்

! அது புகைக்குச் சொன்ன பாடம். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையோடு தரையாகத்தான் ஊரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரில் ஜெர்மானியர்கள் இதைத் திறந்துவிட்டபோது, பதுங்குகுழிக்குள் இருந்தவர்களை அது தேடிப்போய்ப் பிடித்தது. நிமிர்ந்து நில்லுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம், மேடான இடத்துக்கு நடங்கள். இந்த ஒரு விபத்தில் தலைநிமிர்ந்தவன்தான் பிழைப்பான்.

? குளோரின் வாடை பழகிப்போய்விட்டது அண்ணே. இப்போது தெரிவதே இல்லை.
– அதே ஆலை, இன்னொரு வாசகர்

! பழகியது மூக்கு. நுரையீரல் பழகவில்லை, தம்பி. எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டு விதி வைத்திருக்கும் சராசரி வரம்பு, காற்றின் பத்து லட்சம் பங்கில் அரைப் பங்கு. அதை அளக்க வேண்டியது கருவி. மூக்குக்குச் சம்பளம் கொடுத்து அந்த வேலையை வாங்காதீர்கள்.

? நீச்சல் குளத்துக் குளோரின் தூளைக் கரைக்கும்போது எதில் எதைப் போடுவது?
– ஹோட்டல் பராமரிப்பாளர், ஈப்போ

! தண்ணீரில் தூளைப் போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. தூளின் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். குளத்துக் குளோரினில் இரண்டு சாதி உண்டு: கால்சியம் ஹைப்போகுளோரைட் ஒன்று, ட்ரைகுளோர் இன்னொன்று. இரண்டுமே வெள்ளை, இரண்டுமே குளோரின். ஆனால் கலந்தால் வெடிக்கும். ஒன்றை அள்ளிய கரண்டியை இன்னொன்றில் விடாதீர்கள். இரண்டு கரண்டி வாங்க முதலாளி யோசித்தால், குளத்தை மூடச் சொல்லுங்கள்.

? ஹைட்ரஜன் பெராக்சைடு டிரம்மின் மூடி ‘உஸ்’ என்கிறது. டேப் சுற்றி அடைத்துவிடச் சொல்கிறார்கள்.
– சலவை ஆலை ஊழியர், செமோர்

! அந்த ‘உஸ்’தான் டிரம்மின் உயிர்மூச்சு. பெராக்சைடு சும்மா இருக்கும்போதே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துகொண்டிருக்கும். 30 விழுக்காட்டுக் கரைசல் ஒரு லிட்டர் முழுதாகச் சிதைந்தால் 100 லிட்டர் ஆக்சிஜன் வரும். அதற்காகத்தான் மூடியில் காற்றுப் போக வழி வைத்திருக்கிறார்கள். டேப் சுற்றினால் டிரம் குண்டாகும். திடீரென்று சத்தம் கூடினாலோ, டிரம் சூடாகவோ உப்பலாகவோ இருந்தாலோ தொடாதீர்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு 999.

? கூடுதலாக ஊற்றிவிட்டேன். மிச்சத்தைத் திரும்ப டிரம்மில் ஊற்றினால் சிக்கனம்தானே?
– அதே ஆலை

! உங்கள் குவளையில் ஒட்டியிருந்த துளி இரும்புத் துருவோ செம்புத் தூசியோ போதும், டிரம் மொத்தமும் சிதையத் தொடங்கும். எடுத்தது எடுத்ததுதான். 2000 ஆகஸ்ட் 12 அன்று ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பலில் 118 பேர் மாண்டார்கள். தொடக்கம், ஒரு டார்ப்பிடோவில் கசிந்த அடர் பெராக்சைடு. கடற்படையே கணக்குத் தவறிய சரக்கில் நீங்கள் சிக்கனம் பார்க்காதீர்கள்.

? கீழே சிந்தினால் மரத்தூள் போட்டு, பழந்துணியால் துடைத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது எங்கள் வழக்கம்.
– துப்புரவுப் பணியாளர், சுங்கை சிப்புட்

! அம்மா, நீங்கள் துடைக்கவில்லை, அடுப்பு மூட்டுகிறீர்கள். மரத்தூள், துணி, காகிதம், மரப்பலகை எல்லாமே விறகு. அடர் பெராக்சைடு ஊறிய துணி காய்ந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். அதுவும் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு, நடுராத்திரியில். பெராக்சைடு கொஞ்சமாகச் சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். அதிகம் சிந்தினால் ஆளைக் கூப்பிடுங்கள். தோல் கையுறை, தோல் காலணி இரண்டையும் இந்த வேலைக்குப் போட வேண்டாம். தோலும் எரியும் சரக்குதான்.

? களைக்கொல்லி அடித்த சட்டையை அடுப்பங்கரையில் காயப் போடுவேன். மனைவி திட்டுகிறாள்.
– மருந்து அடிப்பவர், சுங்கை சிப்புட்

! மனைவி சொல்வதே சரி, அதற்கு நியூசிலாந்தில் சாட்சி இருக்கிறது. 1930களில் அங்கே விவசாயிகள் சோடியம் குளோரேட்டைக் களைக்கொல்லியாக அடித்தார்கள். அது ஊறிய கால்சட்டைகளைக் கணப்பருகே காயப் போட்டபோது அவை வெடித்தன. சிலர் போட்டுக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தன. எந்த மருந்தாக இருந்தாலும் வேலை முடிந்ததும் உடுப்பைக் கழற்றித் தனியாக அலசுங்கள். நன்றாக அலசிய துணிக்கு வெயில் போதும்.

? தீயணைப்புக் கருவி நான்கு மாட்டி வைத்திருக்கிறோம். போதாதா?
– சிறு தொழிலதிபர், தாசெக்

! கார்பன் டைஆக்சைடு கருவி என்ன செய்கிறது? தீக்குக் காற்றை மறிக்கிறது. ஆக்சிஜனேற்றி மூட்டும் தீயோ காற்றைக் கேட்கவே இல்லை, டிரம்மிலேயே வைத்திருக்கிறது. அம்மோனியம் கலந்த உலர்தூள் கருவியைக் குளோரின் தூள் மேல் அடித்தால் வினை இன்னும் முற்றும். இதற்கு மருந்து வெள்ளமாகத் தண்ணீர். அது பொம்பாவின் வேலை. உங்கள் வேலை ஆள் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது.

? கண்ணில் தெறித்தால் நல்லெண்ணெய் விடலாம் என்று பாட்டி சொல்கிறார்.
– மாணவர், கோலகங்சார்

! பாட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் குழாயைத் திற. ஓடும் தண்ணீரில், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம். அப்புறம் மருத்துவமனை. எண்ணெய், பால், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். பெராக்சைடு பட்ட தோல் சுண்ணாம்பு தடவினாற்போல வெளுத்துக் குறுகுறுக்கும், அதற்கும் தண்ணீர்தான். 15 நிமிடம் நீளமாகத்தான் தெரியும், பார்வையோடு இருக்கப் போகும் ஆயுசு அதைவிட நீளம்.

? ஆக்சிஜன் சிலிண்டர் வால்வு இறுகிவிட்டது. கொஞ்சம் கிரீஸ் தடவட்டுமா?
– வெல்டிங் பட்டறைக்காரர், சுங்கை சிப்புட்

! தடவாதீர்கள்! அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சந்தித்தால் தீப்பெட்டியே தேவையில்லை. எண்ணெய்க் கையோடு அந்த வால்வைத் தொடவே கூடாது. திறக்காத சிலிண்டரை விற்றவரிடமே அனுப்புங்கள். திறக்க வைப்பது அவர் பாடு.

? சுங்கை சிப்புட் என்றாலே 1948 ஜூன் 16 தானா? வேறு தேதியே இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

! இருக்கிறது ஐயா. 1948இல் அந்த நாளில் மூன்று தோட்டத் துரைகள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1919இல் அதே ஜூன் 16 அன்று நம் ஊரில் பிறந்தவர், மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தன். இன்னொரு தேதியையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்: 1991 மே 7. சுங்கை பூலோவில் ‘பிரைட் ஸ்பார்க்ளர்ஸ்’ பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பட்டாசுக் கலவை என்பதே ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் ஒரே பொட்டலத்தில் இருப்பதுதான். மூன்று ஆண்டு கழித்து, 1994இல், தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. நம் நாட்டுத் தொழிலாளியின் உரிமைகள் மை ஊற்றி எழுதப்பட்டவை அல்ல.

? முகக்கவசத்துக்கும் கண்ணாடிக்கும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம் என்றவர், பேராக்

! அந்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பாதுகாப்புக்காகச் செய்ததற்கும் கொடுத்ததற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்து, ஜே.கே.கே.பி. (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று 27ஆம் பிரிவு இருக்கிறது. கண்ணாடி அவர் செலவு, கண் உங்களுடையது.

? ஆபத்து என்று தெரிந்தும் ‘போய் ஊற்று’ என்றால் என்ன செய்வது?
– ஒப்பந்தத் தொழிலாளி, ஈப்போ

! 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டத்தில் 26A என்று ஒரு பிரிவு நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து உண்டு என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால் அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. முதலில் சொல்லுங்கள், சாட்சியோடு சொல்லுங்கள். பிறகு விலகுங்கள். கடமை தவறிய முதலாளிக்கு அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட் வரை ஏறிவிட்டது. இந்தக் கணக்கு அவருக்கும் புரியும்.

? எங்கள் பட்டறையில் ஆறே பேர். இதெல்லாம் பெரிய கம்பெனிச் சட்டம்தானே?
– உரிமையாளர், சுங்கை சிப்புட்

! ஐந்து பேர் இருந்தாலே ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே ஓர் ஆள் தாண்டிவிட்டீர்கள்.

? லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் நேப்பாளத் தம்பிக்கு இரண்டுமே வராது.
– ஷிப்ட் தலைவர், கமுண்டிங்

! லேபிள் ஒட்டியதோடு முதலாளியின் கடமை முடியவில்லை, ஆளுக்குப் புரிய வைக்கவும் வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் 16 பகுதி கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. 4 முதலுதவி, 6 சிந்தினால் என்ன செய்வது, 7 எப்படி வைப்பது, 8 எதை அணிவது, 10 எதோடு சேரக் கூடாது. இந்த ஐந்தையும் அந்தத் தம்பிக்குப் புரிகிற மொழியில் செய்து காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு இருக்கிறது, அதையும் அவரிடம் சொல்லுங்கள். நாலு நாளுக்கு மேல் மருத்துவ விடுப்பு (எம்.சி.) கொடுத்த விபத்தை முதலாளி ஜே.கே.கே.பி.க்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘விழுந்துட்டேன்னு சொல்லிடு’ என்றால் சம்மதிக்காதீர்கள்.

? வேதியியல் படித்தால் எனக்கு என்ன வேலை கிடைக்கும்?
– ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

! ரசாயன ஆபத்தைக் கணக்கிட்டு அறிக்கை கொடுக்கும் மதிப்பீட்டாளர், ஆலையைச் சுற்றி வந்து ‘இது கூடாது’ என்று எழுதும் பாதுகாப்பு, சுகாதார அதிகாரி. இரண்டுமே ஜே.கே.கே.பி.யில் பதிவு பெற்றவர் செய்யும் வேலை. பயிற்சிக்கு பாங்கியில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகமான நியோஷ் இருக்கிறது. உன் தாத்தா காலத்தில் பால் மரம் வெட்டினார்கள், அப்பா காலத்தில் டிரம் உருட்டுகிறார்கள். டிரம் எங்கே நிற்க வேண்டும் என்று கையெழுத்துப் போடுகிற ஆள் இனி நீயாக இரு, தங்கச்சி.