ஓவன் அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர் முதலிய பகுதிகளில், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைத் தூரதேசங்களுக்கு அனுப்பிவிட்டு, காலையில் பத்திரிகையும் மாலையில் உலாவலுமாகக் காலட்சேபம் செய்துவரும் கனவான்களில் பல வகை உண்டு. ரோஜாச் செடி வளர்ப்பவர்கள் ஒரு வகை; கேளாமலே ஹோமியோபதி மாத்திரை கொடுப்பவர்கள் ஒரு வகை; பென்ஷன் உத்தரவுகளைத் தேதிவாரியாக ஒப்பிப்பவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கெல்லாம் பிற்காலத்தில் தோன்றியவராயினும், பிறருடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கைப்பற்றிக்கொள்ளும் சாமர்த்தியத்தில் அனைவரையும் மிஞ்சியவர் ஓவன் அண்ணாச்சி.

அவர் கைக்கு ஓவன் வந்துசேர்ந்த வரலாறு எந்த வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சிங்கப்பூரிலோ டெக்ஸாஸிலோ இருக்கும் மகன், விடுமுறைக்கு வந்த இடத்தில், அம்மா கேக் செய்து பழகட்டும் என்று ஆசையாக வாங்கி வைத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறான். அம்மாளோ, அந்தப் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு இருப்பதையும் அதற்குள் எலி நுழைய முடியாதென்பதையும் உத்தேசித்து, ஒரு வருஷ காலம் அதில் வெல்லமும் கருவாடும் பத்திரப்படுத்துகிறாள். பிறகு ஒருநாள், மத்தியான்னத் தூக்கம் பிடிக்காத வேளையில், அண்ணாச்சி அதன் விளக்கப் புத்தகத்தை முதற் பக்கத்திலிருந்து உத்தரவாதப் பத்திரம்வரை வாசித்து முடிக்கிறார். அன்றைக்கே வெல்லமும் கருவாடும் இடம்பெயர்கின்றன.

முதல் சங்கடம் மின்சாரத்தினால் வருவது. ஓவனின் பிளக் பருத்தது. பதினைந்து ஆம்பியர் துளையில்தான் பொருந்தும். அத்தகைய துளை அந்த வீட்டில் கீசரை உத்தேசித்துக் குளியலறை வாசலில் மட்டுமே இருக்குமாதலால், ஓவனின் பீடமும் அங்கேயே அமைந்துவிடுகிறது. மீன் வெந்து இறங்கும்வரை வீட்டில் ஒருவரும் வெந்நீரில் குளிக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, துண்டும் கையுமாக வரிசையில் நிற்கும் பேரப்பிள்ளைகளுக்கு அவர் மீன் சமையலின் தத்துவத்தை உபதேசிப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நான் சொல்ல வந்த அண்ணாச்சி, பொதுப்பணித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலே நீர்மட்டம் அளந்தவர். பாபநாசத்துக்கு 143 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி என்ற முழுக் கொள்ளளவுகளும், கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகளின் பெயர்களும், மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் பிறந்த நாள் நினைவிருப்பதைக் காட்டிலும் துல்லியமாக அவருக்கு நினைவிலிருக்கும். அளந்து பழகிய கைக்கு ஓய்வில் அளப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனதால், பழைய மர அடிஸ்கேலுடன் மீன் மார்க்கெட்டுக்குள் பிரவேசித்தார். தூத்துக்குடியிலிருந்து ஐஸில் வந்திறங்கிய விளைமீனையும் கொடுவாயையும், கண் தெளிந்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்த்ததோடு நில்லாமல், குப்புறக் கிடத்தி, முதுகுக் கனத்துக்கு ஸ்கேல் வைத்தார்.

மீன்காரி அரிவாள்மணையை விட்டு எழுந்துவிட்டாள். "எடை பாத்து வாங்குவாவ, நீளம் பாத்து வாங்குவாவ; கனம் பாத்து வாங்குத ஆள இப்பத்தான் பாக்கேன்!"

கனத்தின் ரகசியம் இதுதான்: அங்குலத்துக்குப் பத்து நிமிஷம் என்பது ஓவன்காரர்களின் ஆதார சூத்திரம். அண்ணாச்சியின் வியாக்கியானம் கேட்கத் தகுந்தது, சொல்லப்போனால் உண்மையுங்கூட. மீனைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால், ஆட்டையும் மாட்டையும்போல் உடம்பைக் கட்டிநிறுத்தும் முரட்டு நார் அதற்கு வேண்டியிருப்பதில்லை. அதன் தசை சிறுசிறு இதழ்களாக அடுக்கப்பட்டு, இடையிடையே மெல்லிய சவ்வினால் மட்டும் ஒட்டியிருப்பது. அந்தச் சவ்வு இளகி, இதழ்கள் தாமே பிரிவதற்குச் சுமார் அறுபது டிகிரி உஷ்ணமே போதும். அதைத் தாண்டவிட்டால் தசை இறுகி, உள்ளிருக்கும் சாறு வெளியேறி, தயிர்த்துளி போல மேலே வெள்ளை கட்டிவிடும். "அந்த வெள்ளையக் கண்டா, நீரு தோத்துட்டீருன்னு அர்த்தம் வே" என்பார்.

ஆகவேதான் சட்டியிலும் எண்ணெயிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கொதிக்கும் பானையின் ஆவியில் விரலை நீட்டினால் கொப்பளித்துவிடும். அதைவிட எவ்வளவோ உஷ்ணமான ஓவனுக்குள் ஒரு கணம் கையை நீட்டினால் தட்டுச் சுடுமேயொழிய வெறுங்காற்று அப்படிச் சுடுவதில்லை. காற்று சாவகாசமாகச் சமைக்கும் என்பதே அவர் வாதம். இந்தச் சாவகாசத்தை முதன்முதலில் சோதித்தபோது, அமெரிக்க மருமகள் அனுப்பிய குறிப்பில் 375 என்றிருக்க, ஓவனின் திருகோ 250-க்குமேல் திரும்பமாட்டேனென்று பிடிவாதம் செய்ய, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டானென்று அவர் புகார் எழுதவே உட்கார்ந்துவிட்டார். அது ஃபாரன்ஹீட் கணக்கு, நம்முடைய கணக்கில் ஏறக்குறைய 190 என்று பத்தாம் வகுப்புப் பேத்தி எடுத்துச் சொன்ன பிறகு, புகாரின் மறுபக்கத்தில் மளிகைச் சாமான் ஜாபிதா எழுதப்பட்டது.

அலுமினியக் காகிதத்தை மட்டும் அவர் நிராகரித்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவருடைய ரசனைக்கு நான் தலைவணங்குகிறேன். ஏரலிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் வாழை வந்து குவியும் சீமையிலே இலைக்கு என்ன பஞ்சம்? தணலில் லேசாக வாட்டிய இலையில், மிளகும் பூண்டும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் நசுக்கி, நல்லெண்ணெயும் எலுமிச்சஞ்சாறும் விட்டுப் பிசைந்து தடவிய விளைமீனைக் கிடத்தி, நாரால் கட்டி உள்ளே வைத்தால், பதினைந்தாம் நிமிஷம் கிளம்பும் வாசனை குளியலறை வாசல் என்ற உண்மையையே மறக்கடித்துவிடும். இலையைப் பிரித்து விரலால் தொட்டால் முள்ளை விட்டு இதழ் இதழாகக் கழன்று வரும், அவ்வளவு மிருது. மதில் சுவருக்கு அப்பால் குடியிருக்கும் சுத்த சைவர் ஒருவர், வறுவல் நெடி நின்றுபோன நன்றியில், ஓவனைக் கண்டுபிடித்தவன் புண்ணியவானென்றே அபிப்பிராயப்படுகிறார்.

ஆனால் அந்த மீனைச் சூட்டோடு தின்பவர் இல்லை. கதவைத் திறந்தால் உஷ்ணம் ஓடிவிடும் என்று கண்ணாடிக்கு முன்னால் விருந்தாளிகளை நாற்காலி போட்டு உட்கார்த்தி வைப்பதும், நடுவில் மின்சாரம் போய்விட்டால், "எஞ்சிய உஷ்ணமே போதும், ஒருத்தரும் அசையப்படாது" என்று இருட்டிலே கடிகாரத்துக்கு டார்ச் அடிப்பதும், வெளியே எடுத்தபின் ஐந்து நிமிஷம் மீன் இளைப்பாற வேண்டுமென்று தட்டை மூடிவைத்துப் பிரசங்கம் தொடங்குவதுமாக, இலை பிரிவதற்குள் மணி இரண்டாகிவிடும். இதற்குள் மதினி, அடுக்களையில் தலையையும் வாலையும் காருக்குறிச்சி மண்சட்டியில் போட்டுத் தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்து, குழந்தைகளுக்குச் சோறூட்டி முடித்திருப்பாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கடலில் விசைப்படகு போகாத அந்த 61 நாளும் அண்ணாச்சிக்குத் துக்க காலம். அணைமீனான கட்லாவை வைத்துப் பார்த்தார். தசைக்குள்ளே மறைந்திருக்கும் கவட்டை முட்கள் விருந்தாளிகளின் தொண்டையைப் பதம் பார்த்தன. ஜிலேபி மீனுக்கு அங்குலம் தேறவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு அவர் குடும்பத்தோடு நானும் பாபநாசம் போயிருந்தேன். கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் மீன்கள் மனிதப் பயமில்லாமல் காலைச் சுற்றித் திரியும். அவற்றுக்குப் பொரி போடுவதுதான் வழக்கமேயன்றிப் பிடிப்பவர் கிடையாது. தர்ப்பணம் முடித்து, அன்று விரதமாதலால் பச்சைத் தண்ணீர்கூடப் பருகாமல், இடுப்பளவு நீரில் ஈரவேட்டியோடு நின்ற அண்ணாச்சியிடம் மதினி பொரிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். கொழுத்த மீனொன்று மேலெழும்பி வாயைத் திறந்தது. அண்ணாச்சி பொரி போடவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அதன் முதுகுக்கு நேரே விரித்துப் பிடித்து, என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில், "மூணு அங்குலத்துக்குக் குறையாது வே. அரை மணி நேரம்" என்றார்.

மதினி பொட்டலத்தைப் பிடுங்கி ஆற்றில் கவிழ்த்தாள். "சாமி மீனுங்க. கும்பிட்டுட்டுக் கரையேறுங்க."

"நான் என்ன செஞ்சேன், கணக்குத்தானே பார்த்தேன்" என்றார் அண்ணாச்சி.