பால் காய்ச்சிய வீடுகள்

சென்னையில் வாடகைக்குக் குடியிருந்து வளர்ந்த குடும்பங்களில் காலத்தை வருடம் சொல்லிக் கணக்கிடும் வழக்கமே கிடையாது. “ஐஸ் ஹவுஸ் வீட்ல இருக்கும்போதுதானே பெரியவ பொறந்தா”, “மயிலாப்பூருக்கு வந்தப்புறம்தான் டிவி வாங்கினோம்” என்று வீட்டை வைத்துத்தான் பேச்சு ஓடும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு முதல் வீடு திருவல்லிக்கேணியில், எண்பதுகளில் அமைந்த ஒண்டுக்குடித்தனம். தெருவாசலிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி போல நீளும் வீடு. அதில் ஆளுக்கொரு கூடமும் சமையலறையுமாகப் பல குடித்தனங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே அடிபம்பு. விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆள் வரத் தாமதமானாலும் குடம் இடம் பிடித்து நிற்கும், யாரும் அதை நகர்த்த மாட்டார்கள். இப்போது மகள் குடியிருக்கும் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககத்தில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் கொட்டுகிறது. அது லாரித் தண்ணீர். மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தோடு அதற்கும் பில் வந்துவிடும். அடிபம்பு அடித்து அடித்துக் காய்த்துப்போன என் மனைவியின் கைகளை நினைத்தால், லாரியே வந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் சொல்வேன்.

அன்று வீடு தேடுவது என்றால் கால்நடைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத் தெருவாக நடந்து, கம்பிக் கதவில் தொங்கும் ‘டு லெட்’ அட்டையைத் தேடுவோம். டீக்கடை புரோக்கரிடம் சொல்லி வைப்போம், வீடு அமைந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை. கதவைத் தட்டியதும் “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்பார்கள், அதைத் தாண்டினால் சொந்த ஊரில் தொடங்கி, குலதெய்வம் வழியாகச் சாதியில் போய் முடியும் விசாரணை. இன்று மகள் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளியே வீடு பார்க்கிறாள். அங்கேயும் ‘குடும்பத்துக்கு மட்டும்’, ‘சைவம் மட்டும்’ என்று முதலிலேயே போட்டிருக்கிறார்கள். நடக்கும் சிரமம்தான் போயிருக்கிறது, விசாரணை அப்படியே இருக்கிறது. செழியன் இயக்கிய ‘டு லெட்’ படத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் அந்தக் குடும்பத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது, அவர்கள் ஏறிய படிகளில் பாதி நாங்களும் ஏறியவை.

ஆனாலும் அந்த வாடகை நோட்டை மறக்க முடியவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்ட நாற்பது பக்க நோட்டு. ஐந்தாம் தேதி சாயங்காலம் பணத்தை அதற்குள் வைத்து நீட்டினால், வீட்டுக்கார அம்மா விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். “ஏன் தம்பி மொகம் வாடிக் கெடக்கு? ஆபீஸ்ல ஏதாச்சும் தகராறா?” பத்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம் பொறுக்காமல் வாசல் கேட்டைப் பூட்டுபவரும், சுவரில் ஆணி அடித்தால் சத்தம் கேட்டே ஓடி வருபவரும் அவர்தான். என் மகளுக்கு இருமல் வந்தபோது ராத்திரியெல்லாம் கஷாயம் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். இன்று மகள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் டெக்ஸஸில் இருக்கிறார். வாடகை நொடியில் போய்ச் சேர்கிறது, பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. நல்ல மனிதர், தொந்தரவே கிடையாது. அவர் முகத்தை மகள் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

வீடு மாறுவதற்கு ஆடியும் ஆகாது, மார்கழியும் ஆகாது. தை பிறந்ததும் மீன்பாடி வண்டியில் அண்டா, பாய், ஆட்டுக்கல் எல்லாம் ஏறும். போன இடத்தில் பால் காய்ச்சி, பக்கத்துக் குடித்தனங்களுக்கு ஆளுக்கு அரை டம்ளர் கொடுத்துவிட்டால் அன்றைக்கே உறவு முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். மகளும் பால் காய்ச்சினாள், இண்டக்‌ஷன் அடுப்பில். எதிர் வீடு பூட்டியிருந்ததால் வாசல் காவலாளிக்கும் லிஃப்ட் பழுது பார்க்க வந்த பையனுக்கும் கொடுத்தாள். அதுவும் எனக்கு நிறைவாகவே இருந்தது.

முன்பணத்தின் கதை தனி. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது; ஊர் பத்து மாதம் வாங்கியது. மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போனது அந்தப் பத்து மாதத்துக்காகத்தான். 2017-இல் இயற்றி, ‘டு லெட்’ படம் திரைக்கு வந்த அதே 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாதம் என்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டு வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் அதில் இடம் இருப்பதால், பத்து மாதம் இன்னும் சாகவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொன்னதற்காகவே பதினொரு மாதமென்று எழுதிப் பழகிய ஒப்பந்தத்தையும் இப்போது வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும். நல்ல சட்டம். வீட்டுக்கார அம்மாவின் மனசை மட்டும் நம்பி ஊரில் எல்லோரும் குடியிருக்க முடியாது. எல்லா வீட்டுக்கும் அப்படி ஓர் அம்மா வாய்க்கவும் இல்லை.

உங்களிடம் வாடகைக்கு விட ஒரு வீடு இருந்தால், ஒப்பந்தத்தை எழுதிப் பதிந்துகொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் கேட்காதீர்கள், வருகிறவர் என்ன சாதி, என்ன சாப்பிடுவார் என்று விசாரிக்காதீர்கள். அவர்கள் பால் காய்ச்சும் அன்று முடிந்தால் நேரில் போய் அரை டம்ளர் வாங்கிக் குடியுங்கள்.