ப்ரோஃபோட்டோ அண்ணன்

கல்யாண மண்டபத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்ற போட்டோகிராஃபர்கள் மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கையில், இவர் மட்டும் மணப்பெண்ணின் புடவையை வெறித்துக்கொண்டு நிற்பார். பெண்ணின் அம்மா முறைத்தால், "இந்த மயில்கழுத்துக் கலரு எஸ்ஆர்ஜிபிக்குள்ள அடங்காதும்மா" என்று விளக்கம் வரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று அந்த அம்மாள் முந்தானையைத் தடவிப் பார்க்கத் தொடங்குவார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி உண்டு. ஸ்டுடியோ வட்டாரத்தில் அவருக்குப் பெயர் ப்ரோஃபோட்டோ அண்ணன்.

அவர் சொல்வது பொய்யல்ல. மனிதக் கண்ணுக்குத் தெரியும் நிறங்களை 1931-இல் சிஐஇ என்ற சர்வதேச அமைப்பு ஒரு குதிரை லாட வடிவ வரைபடத்துக்குள் கொண்டுவந்தது. அதன்மேல் ஒவ்வொரு நிறவெளியும் (கலர் ஸ்பேஸ்) ஒரு முக்கோணம். முக்கோணத்துக்குள் சிக்கும் நிறங்களே அதன் கேமட். 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி, அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்களைப் பார்த்து வரைந்த சின்ன முக்கோணம். அடர்த்தியான நீலப்பச்சைகள் பல அதற்கு வெளியேதான் நிற்கும். அடோபி ஆர்ஜிபி பச்சைப் பக்கம் கூடுதலாக நீளும். கோடாக் உருவாக்கிய ப்ரோஃபோட்டோவுக்கோ இரண்டு மூலைகள் லாடத்தையே தாண்டிப் போய்விடும். எந்தக் கண்ணும் பார்க்க முடியாத நிறத்துக்கும் அதில் எண் உண்டு. கடலுக்குள் மனை வாங்கிப் போட்டவரைப் போல அண்ணனுக்கு அதில் தனிப் பெருமிதம்.

அடோபி ஆர்ஜிபியின் பூர்வீகத்தை மட்டும் அவரிடம் கிளறக் கூடாது. 1998-இல் ஃபோட்டோஷாப் 5-க்காக ஒரு தொலைக்காட்சித் தரநிர்ணய ஆவணத்திலிருந்து எண்களை எடுத்தபோது பிழை புகுந்துவிட்டது. ஆனால் அந்தப் பிழையான நிறவெளியே பயனர்களுக்குப் பிடித்துப்போனதால், பெயர் சூட்டி அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் படத்தைக் கேமரா பதப்படுத்தாத 'ரா'வில்தான் எடுப்பார். இருந்தும் கேமரா மெனுவில் அடோபி ஆர்ஜிபி என்று மாற்றி, கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்குவதை எல்லாரிடமும் காட்டுவார். "ரா ஃபைலுக்குக் கலர் ஸ்பேஸே கிடையாதுண்ணே, அந்த மெனு ஜேபெக்குக்குத்தான்" என்று உதவியாளர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். சரியான தகவல்தான். அன்று முழுக்க அவருக்கு லைட் ஸ்டாண்ட் தூக்கும் வேலை.

இவ்வளவு அகன்ற நிறங்களை அண்ணன் எதில் பார்த்துத் திருத்துகிறார்? மச்சானின் பழைய லேப்டாப்பில். விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவற்றின் விவரக்குறிப்பில் '45% என்டிஎஸ்சி' என்று இருக்கும். அவர் ஏளனம் செய்யும் எஸ்ஆர்ஜிபியிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். மீதியெல்லாம் மனக்கண்ணில்.

கூத்து தொடங்குவது பென்டிரைவ் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு. ஒரே எண் ஒவ்வொரு நிறவெளியிலும் ஒவ்வொரு நிறத்தைக் குறிக்கும். எந்த வெளி என்று சொல்வது கோப்போடு வரும் ப்ரொஃபைல். அதைப் படிக்காத டிவி, எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். ப்ரோஃபோட்டோ படம் சாயம் போய் நிற்கும். போதாக்குறைக்கு 8 பிட்டில் சேமித்திருப்பார். நிறத்துக்கு 256 படிகள். அவற்றை அத்தனை பெரிய வெளியில் பரப்பினால் படிக்குப் படி இடைவெளி கூடும். வரவேற்பு மேடையின் நீலப் பின்னணி பட்டை பட்டையாகப் பிரியும்.

"பொண்ணு என்ன தம்பி, சோகை புடிச்சாப்ல இருக்கா?"

"டிவி சரியில்லம்மா. ஃபைல்ல எல்லாக் கலரும் இருக்கு."

"இருந்தா எங்க கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் இதைவிட நல்ல பதிலில்லை: வேலை செய்யும்போது 16 பிட்டில் ப்ரோஃபோட்டோ இருக்கட்டும், கொடுக்கும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக் கொடு. மாற்றுவது என்றால் முறையாகக் கன்வெர்ட் செய்வது. ப்ரொஃபைல் பெயரை மட்டும் ஒட்டும் அசைன் அல்ல. அது எண்ணை அப்படியே விட்டு நிறத்தைக் கெடுக்கும்.

அண்ணன் படம் நன்றாகவே எடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவரை அமர்த்தினால், அட்வான்ஸ் கொடுக்கும்போதே 'எஸ்ஆர்ஜிபி ஜேபெக்' என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.