மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது?

வீட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள், மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தன் ஊழியர்களைக் கேட்டார் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன். 2025 ஜனவரியில் அந்தக் காணொளி வெளியானது. வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கல் வேறு. நாடே சிரித்தது, மீம் போட்டது, சிரித்து முடித்துவிட்டு பஸ் பிடித்து வேலைக்குப் போனது.

கணவன்மார்கள் ஆளுக்கொரு பதில் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். பார்க்கப்படுகிற முகங்களைத்தான் யாரும் கேட்கவில்லை. அவற்றில் ஒன்று என்னுடையது. ஆகவே ஐயா, தங்கள் மேலான சமூகத்துக்கு ஒரு சிறு விளக்கம். எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் வைபவம் நின்று வெகுகாலம் ஆகிறது. அவர் இரவு ஷிப்ட் முடிந்து கூடுவாஞ்சேரியில் ரயிலை விட்டு இறங்கும்போது, நான் எதிர்ப் பிளாட்பாரத்தில் பெண்கள் பெட்டிக்குள் ஒரு காலை நுழைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் தாம்பத்தியம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில் நடக்கிறது. 'மாவு புளிக்குது, உள்ள எடுத்து வை.' 'கேஸ்காரர் வந்தா சில்லறை டப்பால இருக்கு.' இதில் வெறித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவள். எந்த எண்ணைச் சொன்னாலும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம். அதில் தலைவருக்கு 90 போனால் மீதி 78. புறநகரிலிருந்து நகருக்குள் போய்த் திரும்ப நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் ஏழு நாளைக்கு 21. மீதி 57. டாக்டர்கள் சொல்கிறபடி ஏழு மணி நேரம் தூங்கினால் அதில் 49 போய்விடும். கையில் நிற்பது எட்டு மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு ஒரு மணி எட்டரை நிமிடம். அதற்குள் பல் துலக்கி, குளித்து, சமைத்து, சாப்பிட்டு, துணி துவைத்து, ரேஷன் கடையில் நின்று, பிள்ளைக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்து, மாமியாருக்கு சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். மீதி நேரத்தில் முகம் பார்க்கலாம். கொட்டாவி விடாமல் பார்த்தால் அது சாதனை.

இந்த உபதேசத்தை அருளியவருக்கு 2023-24ஆம் நிதியாண்டில் கிடைத்த ஊதியம் 51 கோடி ரூபாய். அது அந்த நிறுவனத்தின் நடுமட்ட ஊழியர் வாங்குவதைப் போல 534 மடங்கு. உழைப்புக்கேற்ற ஊதியம் என்றுதான் எங்களுக்கு மேடைதோறும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதையே அவருக்கும் போட்டுப் பார்த்தேன். ஊழியர் வாரத்துக்கு 48 மணி நேரம் உழைத்தால், தலைவர் 25,632 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். ஒரே வாரத்துக்குள் ஏறக்குறைய மூன்று வருடம்! அந்த வாரம் எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று தெரிந்தால் நாங்களும் வாங்கி மாட்டிக்கொள்வோம்.

அவருக்கு முன்னால் 2023 அக்டோபரில் இதே ராகத்தை 70 மணி நேரக் கட்டையில் பாடியவர் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானியரும் ஜப்பானியரும் அப்படித்தான் உழைத்தார்கள் என்றார். அந்த ஜெர்மானியர்கள் இன்று உலகத்திலேயே குறைந்த நேரம் வேலை பார்ப்பவர்களின் வரிசையில் இருக்கிறார்கள். ஜப்பானில் ஆட்கள் வேலை பார்த்தே செத்து விழுந்ததால், 2018இல் சட்டம் போட்டு ஓவர்டைமுக்குக் கடிவாளம் கட்டினார்கள். அந்தப் பாதிக் கதை எங்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. 2024 மார்ச்சில் மூர்த்தி தன் நான்கு மாதப் பேரக்குழந்தைக்கு 240 கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தார். குழந்தை நன்றாக இருக்கட்டும், அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான்கு மாதக் குழந்தை வாரத்துக்கு நூறு மணி நேரம் தூங்கும். நூறு மணி நேரம் தூங்கி 240 கோடி சேர்க்க ஒரு வழி இருக்கும்போது, அதை மறைத்துவிட்டு எழுபது மணி நேரம் உழை என்று இளைஞர்களை விரட்டுவது என்ன நியாயம்?

சரி, முதலாளிகள் அப்படித்தான் பேசுவார்கள், நமக்குத்தான் நாம் ஓட்டுப் போட்ட ஆட்கள் இருக்கிறார்களே என்று நினைத்தால், அவர்களுடைய வருகைப் பதிவேடு இன்னும் அழகு. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவை ஐந்தாண்டில் கூடியது 274 நாள். ஆயுள் முழுக்க இருந்த மக்களவைகளிலேயே இதுதான் மிகக் குறைவு. வருடத்துக்கு 55 நாள். அதிலும் அமளி, ஒத்திவைப்பு, கேன்டீன். எந்தத் தொழிலதிபராவது எழுந்து, எம்.பி.க்களே, எவ்வளவு நேரம்தான் தொகுதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவைக்கு வாருங்கள் என்று கேட்டாரா? கேட்க மாட்டார். அந்தக் கொஞ்ச நாளிலேயே அவருக்கு வேண்டியது நடந்துவிடுகிறது.

நடந்தது இது. தொழிலாளர்களுக்கென்று இருந்த 29 சட்டங்களை நாலு தொகுப்பாகச் சுருக்கினார்கள். மூன்று தொகுப்புகள் 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த அவையில், கொரோனா பயத்தில் ஊர் வாய்மூடிக் கிடந்தபோது நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் நான்கும் அமலில் இருக்கின்றன. இனி வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். ஆலையை மூடுவதற்கோ ஆட்குறைப்புக்கோ அரசிடம் அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300க்கு ஏறியிருக்கிறது. 299 பேரை வைத்திருப்பவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோபப்படுவதற்கு எனக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு 'அர்ஜென்ட், காலைல ஒன்பதுக்கு ரிப்போர்ட் வேணும்' என்று வாட்ஸ்அப் அனுப்பும் மேனேஜருக்கு அரை நிமிட முன்னறிவிப்பும் வேண்டாம்.

அதெல்லாம் டெல்லிக்காரன் வேலை, இது சமூகநீதி மண் என்று மார்தட்டுகிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றினார். இந்தியாவின் முதல் மே நாள் அது. அதன் நூற்றாண்டு 2023 மே 1. விழா எடுக்க வேண்டிய அன்றைய தி.மு.க. அரசு, அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால், ஏப்ரல் 21ஆம் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. சிங்காரவேலருக்கு இதைவிடப் பெரிய நூற்றாண்டுப் பரிசு யாராலும் யோசித்திருக்க முடியாது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள்: தொழிலாளி விரும்பினால் மட்டும்தான், நாலு நாள் வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாம். தொழிலாளி விரும்பினால்! ஒரகடத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கும் இருபது வயதுப் பெண், சூப்பர்வைசரிடம் போய், சார், எனக்கு இன்று விருப்பமில்லை என்று சொல்வாள். அவரும், அப்படியா பாப்பா, போய் ரெஸ்ட் எடு என்பார். இதை நம்புகிறவர்கள் கோட்டையில் இருந்தார்கள்.

எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றாம் நாள் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சரே வாபஸ் என்று அறிவித்தார். உடனே புகழ்மாலை. கன்னத்தில் அறைய ஓங்கிய கையை இறக்கிக்கொண்டதற்கு ஒரு பாராட்டு விழா! எதிர்ப்பக்கம் இருந்த அ.தி.மு.க.வினரும் தொழிலாளர்களுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்த பெருமை அந்தக் கட்சிக்கு உண்டு. கொடியின் நிறம் மாறும். ஓங்கும் கை மாறாது.

இந்த மாநிலத்தில் உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஜவுளிக்கடைப் பெண்கள் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தார்கள். கால் நரம்பு சுருண்டு, சிறுநீரை அடக்கி அடக்கி நோய் வந்தது. ரங்கநாதன் தெருவின் அந்த வாழ்க்கையை வசந்தபாலன் 2010இல் 'அங்காடித் தெரு' படத்தில் காட்டினார்; நாம் பார்த்து அழுதோம், அழுத கையோடு தீபாவளித் துணி எடுக்க அதே தெருவுக்குப் போனோம். 2021இல், கேரளத்துக்கு அடுத்தபடியாக, கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் போட்டது. நல்ல சட்டம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். போன ஆடித் தள்ளுபடிக்கு நான் போன கடையிலும் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. 'உக்காரலாமேம்மா' என்றேன். அந்தப் பெண் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'இந்தப் பச்சைல பார்டர் பெருசா காட்டட்டுமாக்கா?' என்றாள்.

சென்னையில் டெலிவரி தம்பிகளுக்கு ஏசி ஓய்வறை திறந்திருக்கிறார்கள். கொத்தமல்லிக் கட்டை நிமிடக் கணக்கில் கொண்டுவரச் சொல்லி ஆப் விரட்டும்போது, அந்த அறையில் போய் உட்கார அவர்களுக்கு யார் நேரம் தருவது?

நேரத்தை அரசாங்கம் எப்படிச் செலவழிக்கிறது என்று தெரிந்துகொள்ள 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலுக்குப் போயிருக்க வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, சம்பளம் குறைந்துபோகும், எங்களை நிரந்தரமாக்கு என்று தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று பூத்தூவப்பட்டவர்கள். பதிமூன்று நாள் நடைபாதையில் கிடந்தார்கள். பணி நிரந்தரம் கேட்கும் கோப்பு மேசைக்கு மேசை வருடக்கணக்கில் தூங்கும். அப்புறப்படுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்ததும் நிர்வாகத்துக்குத் தூக்கமே வரவில்லை. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்கு இலவசக் காலை உணவு அறிவித்தது. சுதந்திர தினத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. வேலையைக் கேட்டவர்களுக்கு இட்லி. இதற்கு மேல் ஒரு நலத்திட்டத்தை எந்தக் கொம்பனாலும் தீட்ட முடியாது.

இந்தக் கணக்குகளில் எதிலும் ஏறாத ஒரு வரி இருக்கிறது. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் சம்பளமில்லாமல் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம். அதே வேலையைப் பார்க்கும் ஆண்களுக்கு 88 நிமிடம். வாரத்துக்குக் கூட்டினால் பெண்ணுக்கு 33 மணி நேரத்துக்கும் மேல். தலைவர்களின் அலுவலகத்துக்கு ஆண்கள் சலவைச் சட்டையோடு, வயிறு நிறைந்து, டப்பா கட்டிக்கொண்டு வருவது இந்த 33 மணி நேரத்தின் தயவில். மனைவி வீட்டில் சும்மா முகம் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கும் ஒருவர், இத்தனை ஆண்டு இலவசமாக வாங்கித் தின்ற சரக்குக்கு ரசீது இல்லை என்று சொல்கிறார்.

அதனால் ரசீது போட்டுவிடுகிறேன். அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த 1946இல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதையே உறுதி செய்து, ஓவர்டைம் சேர்த்தாலும் வாரத்துக்கு 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தின்படி தொழிற்சாலைத் தொழிலாளியிடம் 90 மணி நேரம் வாங்குவது குற்றமாக இருந்தது. குற்றத்தை மன்னித்துவிட்டுக் கூலிக்கு மட்டும் வருவோம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றது பழைய சட்டம். புதிய தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. 48 போக 42 மணி நேரம் கூடுதல். இரட்டித்தால் 84. ஆக மொத்தம் 132 மணி நேரச் சம்பளம், அதாவது இப்போது வாங்குவதைப் போல இரண்டே முக்கால் மடங்கு. 20,000 வாங்குகிறவருக்கு 55,000 தர வேண்டும். அந்தக் காணொளியை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். சீனர்களின் உழைப்பு இருக்கிறது, மனைவி இருக்கிறாள். இந்த 55,000 மட்டும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எந்த முதலாளியும் மனமிரங்கிப் போட்ட பிச்சை அல்ல. பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டு மல்லுக்கட்டி, 1890 ஜூன் 10 அன்று வாங்கிய நாள் அது. தொழிலாளி ரத்தம் சுண்டி வாங்கியதை, சம்பளத்தில் 534 மடங்கு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வருத்தம் தெரிவித்துப் பறித்துவிட முடியாது. எங்கள் ஞாயிறு வேண்டுமென்றால், கொடுக்க வேண்டிய பாக்கியை வட்டியோடு எண்ணி வைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் தர மாட்டோம்.